விறகடுப்பைக் குறைந்த விறகில் கூடிய சூடு தரும்படி மாற்றியமைத்தல்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது எங்கள் வீட்டுக் குசினியில் பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த விறகடுப்பை மீண்டும் மூட்டத் தொடங்கினோம். சிலிண்டர் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், நெல் அவிப்பதற்கும் பெரிய பானையில் சோறு ஆக்குவதற்கும் விறகையே நம்பியிருக்கிறோம். அந்த அடுப்பைத் திருத்துவதற்கு நான் எடுத்த முதல் இரண்டு முயற்சிகளும் வீணாகின. முதலாவதைச் சீமெந்தினால் கட்டினேன். அது இரண்டு மாதத்தில் பிளந்துவிட்டது. இரண்டாவதை ஈரம் காயுமுன்னர் மூட்டிக் கெடுத்தேன். மூன்றாவது முறை கட்டிய அடுப்பு இன்றுவரை நிற்கிறது. முன்பு மூன்று கட்டு விறகு போன இடத்தில் இப்போது இரண்டு கட்டுக்கும் குறைவாகவே போகிறது. அந்த மூன்றாவது அடுப்பை எப்படிக் கட்டினேன் என்பதை, நீங்கள் முதல் முறையிலேயே சரியாகச் செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மூன்று கல் வைத்த அடுப்பில் விறகு எரியாமல் போவதில்லை. அது எரிகிறது, ஆனால் எழும் சூட்டின் பெரும் பகுதி பானையில் ஏறாமல் பக்கங்களால் வெளியேறிவிடுகிறது. ஆகவே நாம் செய்யப்போவது நெருப்பைப் பெரிதாக்கும் வேலையன்று. நெருப்பைச் சிறிய அறைக்குள் அடக்கி, அதன் அடியால் காற்றை விட்டு, எழும் சூட்டைப் பானையின் உடம்போடு உரசிக்கொண்டு போகச் செய்யும் வேலை.

1. முதலில் பழைய அடுப்பை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதல் முறை தாண்டினேன். அதனால் புதிய அடுப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை வாய்ப்பேச்சில்தான் சொல்ல முடிந்தது. ஒரு கொப்பியும் ஒரு சமையலறைத் தராசும் இருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

நன்றாகக் காய்ந்த விறகில் இரண்டு கிலோவை நிறுத்து எடுங்கள். நீங்கள் அன்றாடம் பாவிக்கும் பானையில் மூன்று லீற்றர் தண்ணீரை ஊற்றி, மூடியிட்டு, நெருப்பு மூட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்ததும் விறகை இழுத்து அணைத்து, மிச்சத்தை நிறுங்கள். கரியைத் தட்டிவிட்டு விறகை மட்டும் நிறுத்தால் போதுமானது. இதை மூன்று தடவை, வெவ்வேறு நாள்களில் செய்து சராசரியை எழுதுங்கள்.

கணக்கு இலகுவானது. ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.29 மெகாயூல் வெப்பம் தேவை. மூன்று லீற்றருக்கு 0.88. காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 15 மெகாயூல் வெப்பம் தரும். 600 கிராம் விறகு எரிந்து மூன்று லீற்றர் கொதித்தால், எரிந்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு மாத்திரமே தண்ணீரில் ஏறியிருக்கிறது. 300 கிராமில் கொதித்தால் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. இந்த இரண்டாவது எண்ணை நோக்கியே நாம் போகிறோம்.

2. எழுத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

குசினிக்குள்ளே இருக்கும் அடுப்பைத் திருத்துவதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. ஆனாலும் பின்வரும் இடங்களில் கவனம் வேண்டும்.

வாடகை வீடாக இருந்தால், சுவரில் துளையிடுவதற்கும் அடுப்பு மேடையை உடைப்பதற்கும் வீட்டுக்காரரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் சம்மதம் வாங்கிக் கையொப்பம் எடுத்து வையுங்கள். வாயால் சொன்ன சம்மதம் மறுக்கப்பட்டு, வீடு விட்டுப் போகும் நாளில் முற்பணத்தில் காசு கழிக்கப்பட்டதை உறவினர் ஒருவரின் விடயத்தில் பார்த்திருக்கிறேன்.

அடுப்புக்காகப் பின்புறத்தில் புதிதாக ஒரு பத்தி இறக்க நினைத்தால், அது கட்டட வேலையாகிவிடும். வேலை தொடங்குமுன் உங்கள் பிரதேச சபையில், அல்லது மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களில் மாநகர சபையில், அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். பொதுவாகக் காணி உறுதியின் பிரதி, நில அளவைப்படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றின் பிரதிகளை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போனால் இரண்டாம் தடவை அலைய வேண்டியிராது.

விறகு விடயத்தில் ஆவணம் இன்னும் முக்கியமானது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலேயே வெட்டுவதானாலும் அனுமதி வேண்டும்; கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். படுவான்கரைப் பக்கமிருந்தோ அம்பாறைக் காட்டோரங்களிலிருந்தோ வாகனத்தில் மரம் ஏற்றுவோரிடம், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று காசு கொடுக்குமுன்னர் கேளுங்கள். வாவியோரக் கண்டல் மரங்களை ஒருபோதும் வெட்டாதீர்கள், வெட்டியதை வாங்கவும் வேண்டாம். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, மீனும் இறாலும் குஞ்சு பெருகும் இடமும் அவைதான். எங்கள் மாவட்டங்களில் தென்னம்பாளை, மட்டை, சிரட்டை, வேலியில் கவ்வாத்துப் பண்ணிய கிளுவை, கிளிசரியா ஆகியவை எந்த அனுமதியும் இல்லாமல் கிடைப்பவை. நான் சொல்லும் அடுப்பு மெல்லிய விறகைக் கேட்பது. ஆகவே இவையே அதற்குப் பொருத்தமானவை.

3. எப்போது தொடங்குவது

சித்திரைக்குப் பின்னர், பிந்தினால் ஆனி, ஆடி மாதங்களில் தொடங்குங்கள். கச்சான் காற்று அடிக்கும் அந்த நாள்களில் மண் ஒழுங்காகக் காயும், விறகும் கூடவே காயும். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு கட்டினால், சுவர் உலர்வதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். என் இரண்டாவது அடுப்பு கெட்டதற்கு அதுவே காரணம்: கார்த்திகையில் கட்டினேன், மார்கழியில் பொறுமை இழந்து மூட்டினேன், உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது.

மண் ஊறவைக்க நான்கைந்து நாள், கட்ட ஒரு நாள், உலர இரண்டு முதல் மூன்று வாரம், மெல்ல மூட்டிப் பழக்க மூன்று நாள் என்று மொத்தமாக ஐந்து வாரங்களை ஒதுக்குங்கள். இந்த ஐந்து வாரமும் எங்கே சமைப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பழைய அடுப்பை முதல் நாளே உடைத்துவிட்டால், நான்காம் நாள் ஈர அடுப்பை மூட்டத்தான் மனம் வரும். மேடையில் இடமிருந்தால் புதியதைப் பழையதன் பக்கத்தில் கட்டுங்கள். இல்லாவிட்டால் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமாளியுங்கள்.

4. இடமும் காற்றும்

அடுப்பு வாய் கச்சானுக்கோ வாடைக்கோ நேராகத் திறந்திருக்கக் கூடாது. கச்சான் மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்தும், வாடை வடகிழக்கிலிருந்தும் வரும். காற்று நேரே வாய்க்குள் புகுந்தால் விறகு தேவையில்லாமல் வேகமாக எரியும். எதிரிலிருந்து உறிஞ்சினால் புகை முகத்துக்குத் திரும்பும். வாயை வடமேற்காகவோ தென்கிழக்காகவோ திருப்ப முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், கதவுக்கு நேரே வராதபடி பார்த்துக்கொண்டாலே பெரும் பகுதி சரியாகும்.

புகை வெளியேறுவதற்குக் கூரைக்குக் கீழே, அடுப்புக்கு மேலுள்ள சுவரில் ஒரு திறப்பும், எதிர்ச் சுவரில் தாழ்வாக இன்னொரு திறப்பும் வேண்டும். சூடான காற்று மேலால் போக, குளிர்ந்த காற்று கீழால் வரும். ஓட்டுக் கூரைக்கு இந்த ஏற்பாடு போதும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் ஏராளமான வீடுகளுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டிருக்கிறது. புகைபோக்கிக் குழாயை மேலே விடுவதற்காக அந்தச் சீற்றை அரிந்து துளையிடாதீர்கள்; மேசனிடம் விட்டாலும் அவரை அரிய விடாதீர்கள். அரியும்போது எழும் நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, பல வருடங்கள் கழித்து நோயாகவே தெரியவரும். குழாய் கட்டாயம் வேண்டுமென்றால் சுவரைத் துளைத்துப் பக்கவாட்டாக வெளியே எடுத்து, பிறகு மேலே உயர்த்துங்கள். கிடுகுக் கூரையாயின் குழாயே வேண்டாம். கூரைக்கும் அடுப்புக்கும் உள்ள உயரத்தைக் கூட்டி, கூரையின் உட்புறத்தில் ஒரு தகரம் அடித்துவிடுங்கள். அடுப்புக்கு நேர்மேலே மின்வயர் போகிறதா என்றும் நிமிர்ந்து பாருங்கள்.

5. பொருள்களும் செலவும்

செங்கல் ஏறக்குறைய 50 வேண்டும். நல்ல முழுக்கல் வாங்க வேண்டியதில்லை, ஏனென்றால் பாதியை வெட்டத்தான் போகிறோம். சூளையில் ஓரம் உடைந்த கற்களைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். சீமெந்துக் கல் வேண்டாம்.

மண்ணுக்கு மிகச் சிறந்தது புற்றுமண். உங்கள் வளவிலோ வயல் வரம்பிலோ கைவிடப்பட்ட கறையான் புற்று இருந்தால் மூன்று வாளி போதும். பாம்பு இல்லையென்று உறுதிசெய்த பின்னர் வெட்டுங்கள். ஆற்றங்கரையிலும் குளத்திலும் உழவு இயந்திரம் கொண்டுபோய்க் களிமண் வெட்டுவது அனுமதிப்பத்திரம் தேவைப்படும் வேலை. இந்தச் சிறு தேவைக்காக அதில் அகப்பட வேண்டாம். புற்று கிடைக்காவிட்டால் பானை வனைபவரிடம் ஒரு மூட்டை களிமண் வாங்கலாம்.

சூட்டைத் தடுக்கும் நிரப்பலுக்கு உமிச்சாம்பல் வேண்டும். 20 லீற்றர் பெயின்ற் வாளியில் ஒன்றரை வாளி. சம்மாந்துறை, ஏறாவூர் போன்ற இடங்களில் நெல் ஆலைகளின் பின்புறம் இது குவிந்து கிடக்கும், பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் வெளியே ஆறிப் போனதாகத் தெரியும் குவியலுக்குள்ளே நெருப்பு நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கையை விடாதீர்கள், உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள். இரும்பு வாளியில் எடுத்து வந்து, திறந்த வெளியில் பரப்பி, இரண்டு நாள் விட்ட பின்னரே வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அள்ளும்போது மூக்கை நனைத்த துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சாம்பலின் பெரும் பகுதி சிலிக்கா, அதன் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

விறகுத் தட்டுக்கு 10 அல்லது 12 மில்லிமீற்றர் கட்டடக் கம்பியில் 30 சென்ரிமீற்றர் நீளத் துண்டுகள் நான்கு தேவை. நாகம் என்ற உலோகம் பூசிய வெள்ளைக் குழாயையோ கம்பியையோ நெருப்புக்குள் வைக்காதீர்கள். நாகம் ஆவியாகி அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். பானையைச் சுற்றும் வளையத்துக்குப் பழைய பிஸ்கற் தகரம் ஒன்று போதும்.

செலவைப் பொறுத்தவரையில், நீங்களே கட்டினால், செங்கல்லும் கம்பியும் ஏற்றுக்கூலியும் சேர்த்து 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றை நிரப்பும் காசுக்குள் அடங்கிவிடும். எனக்கு அப்படித்தான் அடங்கியது. மேசன் ஒருவரை அழைத்தால் அவருடைய ஒருநாள் கூலி மட்டும் பொருள்கள் எல்லாவற்றையும்விடக் கூடும். புகைபோக்கி வைத்தால் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகும். எதற்கும் பற்றுச்சீட்டு வாங்கிக் கொப்பியில் ஒட்டுங்கள். விறகில் மிச்சமாகும் காசு எத்தனை மாதத்தில் இதை ஈடுசெய்கிறது என்பதை அப்போதுதான் கணக்கிடலாம்.

6. மண் குழைத்தல்

புற்றுமண்ணை உடைத்து அரித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்து, தண்ணீர் விட்டு நான்கைந்து நாள் ஊறவிடுங்கள். ஒவ்வொரு நாளும் காலால் மிதிக்க வேண்டும். கடைசி நாளில் இரண்டு கைப்பிடி உமியும் கொஞ்சம் மாட்டுச் சாணமும் சேர்த்து மிதியுங்கள். எலுமிச்சம்பழ அளவு உருட்டி நிழலில் காயவைத்துப் பாருங்கள்: வெடித்தால் மணல் போதாது, விரலால் தேய்க்க உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது.

சீமெந்து சேர்த்தால் உறுதியாக நிற்கும் என்று உங்களுக்கு நிச்சயம் யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். சீமெந்து இறுகும்போது உருவாகும் சுண்ணாம்புச் சேர்வை 400 பாகையைத் தாண்டியதும் சிதைகிறது. ஆறிய பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வீங்குகிறது. எரியும் அறையோ அதைவிட மிகக் கூடச் சூடாகும். ஆகவே அடுப்பின் உட்புறத்தில் சீமெந்து ஒரு கரண்டிகூட வேண்டாம். வெளிச் சுவரின் பூச்சுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

7. எரியறை கட்டுதல்

இதுதான் வேலையின் இதயமான பகுதி. அளவுகளை அவசரமில்லாமல் செய்யுங்கள்.

எரியறை என்பது நிலைக்குத்தாக நிற்கும் ஒரு சதுரக் குழி. ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு உள்ளளவு 12 சென்ரிமீற்றருக்கு 12 சென்ரிமீற்றர் போதும். இவ்வளவு சிறிதா என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பார்கள். பெரிதாக வைத்தால் ஆட்கள் பெரிய விறகைத் திணிப்பார்கள், காற்று போதாமல் புகை எழும். சிறிய அறையில் சுவர் விரைவில் சிவக்க, புகையே எரிந்து சூடாகிறது.

செங்கற்களைப் பக்கவாட்டில், ஓரத்தில் நிறுத்தி, நான்கையும் காற்றாடி போல ஒன்றின் நுனி மற்றதன் முகத்தில் முட்டும்படி வையுங்கள். உள்ளே 12 வர வேண்டுமானால், கல்லின் தடிப்போடு 12 ஐக் கூட்டிய நீளத்துக்குக் கல்லை வெட்ட வேண்டும். உங்கள் கல் ஆறரை சென்ரிமீற்றர் தடிப்பானால் பதினெட்டரைக்கு வெட்டுங்கள். எங்கள் சூளைக் கற்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. வெட்டுமுன் அளந்து பாருங்கள். இப்படி மூன்று வரி உயர்த்தினால் 30 சென்ரிமீற்றர் உயரம் வரும். அதற்குக் குறைந்தால் சுவாலை எரிந்து முடியுமுன்னர் பானையில் பட்டுக் கரி படியும், மிகவும் கூடினால் சூடு வழியிலேயே குறையும்.

முதல் வரியின் முன்பக்கக் கல்லை விட்டுவிடுங்கள், அதுவே வாய். வாயின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு கல்லை நீளவாட்டில் நிறுத்தி, மேலே இரண்டு கல்லைக் குறுக்கே போட்டு, வெளிச் சுவர் வரைக்கும் ஒரு சிறு சுரங்கம் போல இழுங்கள். அதன் உள் அகலமும் 12.

அந்தச் சுரங்கத்தின் தரையிலிருந்து நான்கு சென்ரிமீற்றர் உயரத்தில் நான்கு கம்பிகளையும் நீளவாட்டில் சற்றுத் தளர்வாகப் பதியுங்கள். விறகு கம்பியின் மேலே கிடக்கும், காற்று கம்பியின் கீழால் போகும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழைய அடுப்பில் செய்தாலே வேறுபாடு தெரியும். கீழ்வழியை விறகாலோ சாம்பலாலோ அடைத்துவிட்டால் மற்ற வேலைகள் எல்லாம் பயனில்லாமல் போகும்.

8. வெளிச் சுவரும் சாம்பல் நிரப்பலும்

எரியறையைச் சுற்றி எட்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு வெளிச் சுவரை அதே உயரத்துக்குக் கட்டுங்கள். இடைவெளியில் உமிச்சாம்பலைப் போட்டு இலேசாகத் தட்டிவிடுங்கள். இடித்து இறுக்க வேண்டாம். சாம்பலுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது, இறுக்கினால் அந்தக் காற்று போய்விடும்.

மணலையோ கல்லையோ போட்டு நிரப்புவது மிகப் பரவலான பிழை. தடித்த சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பது உண்மை. அந்தச் சூடு பானைக்குப் போக வேண்டியது என்பதும் உண்மை. அரை மணித்தியாலத்தில் முடியும் சமையலுக்கு, ஒரு மணித்தியாலம் விறகு எரித்துச் சுவரைச் சூடாக்கிப் பயன் என்ன? மேல்வாயை இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் மண் பூசி மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் சோற்றுக்கஞ்சி வழிந்து சாம்பல் நனையும்.

9. பானைக் குமிழும் தகர வளையமும்

எரியறையின் மேல் விளிம்பைச் சுற்றி முக்கோணமாக மூன்று மண் குமிழ்களை வையுங்கள். பானையின் அடிக்கும் விளிம்புக்கும் இடையே மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி வர வேண்டும். இந்த மூன்று எங்கிருந்து வந்தது? எரியறையின் பரப்பு 12ஐ 12ஆல் பெருக்க 144; விளிம்பின் சுற்றளவு 48; 144ஐ 48ஆல் பிரித்தால் 3. சூடு போகும் வழி எந்த இடத்திலும் குறுகாமலும் அகலாமலும் ஒரே பரப்பில் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. எங்கள் பானைகளின் அடி உருண்டையானது. அது குழிக்குள் சற்று இறங்கும். ஆகவே குமிழின் உயரத்தை அல்ல, பானையை வைத்துப் பார்த்து அந்த இடைவெளியையே அளவுகோலால் அளவிடுங்கள்.

அதே கணக்கைப் பானையின் பக்கத்துக்கும் போடலாம். 24 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பானையின் சுற்றளவு 75. 144ஐ 75ஆல் பிரித்தால் ஏறக்குறைய 2. பானைக்கும் தகர வளையத்துக்கும் இடையே சுற்றிவர இரண்டு சென்ரிமீற்றர். 28 விட்டமானால் ஒன்று புள்ளி ஆறு. இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளிக்கு, தகரத்தைப் பானையின் சுற்றளவைவிட 16 சென்ரிமீற்றர் கூடுதலாக, 10 முதல் 12 உயரத்தில் வெட்டி, நுனிகளை மூன்று சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி மடித்து வளையமாக்குங்கள். விளிம்புகளை மடித்துவிடுங்கள், கை வெட்டும். வளையத்தை மண்ணில் நிரந்தரமாகப் பதிக்க வேண்டாம். பானைக்கொரு வளையமாக மாற்றி வைக்கலாம். அம்மா சிறிய கறிச்சட்டி வைக்கும்போது வளையம் பாவிக்கமாட்டா. அவவுக்குச் சட்டியைக் கிளறுவதற்குத் தடையாக இருக்கிறது. பெரிய சோற்றுப் பானைக்கும் நெல் அவிக்கவும்தான் அதன் பலன் முழுமையாகத் தெரிகிறது.

சுவாலை வாயின் பக்கம் திரும்பி வந்தால் இடைவெளி போதாது என்று பொருள். குமிழின் மேல் சிறிது மண் ஏற்றுங்கள்.

10. உலர்த்தலும் முதல் நெருப்பும்

வெயில் நேரே படாதபடி நனைந்த சாக்கால் மூடி முதல் மூன்று நாள் விடுங்கள். பிறகு சாக்கை எடுத்துவிட்டு இரண்டு வாரம் காயட்டும். இடையில் மயிர்க் கீறல்கள் விழும். கட்டியிருந்த மண்ணையே தண்ணீராகக் கரைத்துத் தடவுங்கள். கையை எரியறைக்குள் விட்டால் குளிர்ச்சி தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் ஒரு வாரம்.

முதல் மூன்று நாளும் தென்னம்பாளை மட்டும் போட்டு அரை மணித்தியாலம் எரித்து ஆறவிடுங்கள், பானை வைக்க வேண்டாம். நான்காம் நாள் தண்ணீர் மட்டும் கொதிக்க வையுங்கள். அதன் பிறகு சமைக்கலாம். மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், சொப்பிங் பை கொளுத்தாதீர்கள். காய்ந்த பன்னாடையும் சிரட்டைத் துண்டும் போதும்.

11. விறகு

அடுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பச்சை விறகு அதைத் தோற்கடித்துவிடும். இப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அப்படிப்பட்ட ஒரு கிலோவை எரிக்கும்போது, அதற்குள்ளிருக்கும் அரை கிலோ தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தை ஒன்றும் சிந்தாமல் பானைக்குக் கொடுக்க முடிந்தால், நான்கு லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கலாம். நன்றாக உலர்ந்த விறகில் 15 முதல் 20 சதவீதம் ஈரமே இருக்கும்.

விறகை மூன்று நான்கு சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டையின் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்துவிடுங்கள். வைகாசியில் அடுக்கினால் புரட்டாதிக்குள் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டை நிறுத்து எழுதிவைத்து, வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. எரிக்கும்போது இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் நுனி முட்டும்படி வைத்து, நுனி எரிய எரிய உள்ளே தள்ளுங்கள்.

12. கரியைப் பற்றி

சமைத்து முடிந்ததும் எரியறையில் சிவந்த கரி மிஞ்சும். மாரி காலத்தில் அதைச் சட்டியில் அள்ளி அறைக்குள் குளிர்காய வைப்பதும், பிள்ளை பெற்ற தாய்க்குச் சூடு காட்டுவதற்குக் கதவைச் சாத்திக் கரிச்சட்டி வைப்பதும் எங்கள் வீடுகளில் நடப்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். கரி புகையில்லாமல் எரியும்போது வெளியேறும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியும் தூக்கமும் வந்த பிறகு எழும்பிக் கதவைத் திறக்க உடம்பு இடம்கொடுக்காமல் போகலாம். பிறந்த குழந்தைக்கு அது இன்னும் ஆபத்தானது. கரியை இறுக்கமான மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் போட்டு, குசினிக்கு வெளியே வைத்து அணைய விடுங்கள். அடுத்த நாள் சட்டியில் மீன் சுட அது உதவும், அதையும் முற்றத்தில் வைத்தே சுடுங்கள்.

13. மீண்டும் அளத்தலும் பராமரிப்பும்

இரண்டு வாரம் சமைத்த பின்னர் முதல் படியில் செய்த சோதனையை அதே பானையில், அதே அளவு தண்ணீரில், அதே விறகில் மூன்று தடவை செய்யுங்கள். விறகு மூன்றில் ஒரு பங்காவது குறையவில்லையென்றால் இவற்றை வரிசையாகப் பாருங்கள்: விறகு காய்ந்ததா, கம்பிக்குக் கீழே சாம்பல் அடைத்திருக்கிறதா, பானைக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடிவிட்டதா. எனக்கு முதல் சோதனையில் முன்னேற்றம் மிகக் குறைவாகவே தெரிந்தது. மூன்றாவதுதான் காரணம், மூன்றரை சென்ரிமீற்றர் விட்டிருந்தேன்.

சாம்பலை ஒவ்வொரு காலையும் ஆறிய பின் எடுங்கள். கம்பிகள் சில மாதங்களில் வளையும், ஒரு வருடத்தில் மெலிந்துவிடும். அதனால் அவற்றை மண்ணில் இறுகப் பதிக்காமல், இழுத்து எடுக்கக்கூடியதாகச் சற்றுத் தளர்வாக விட்டு, இரண்டு துண்டு மேலதிகமாக வெட்டி வைத்திருங்கள். மாரிக்கு முன்னர் ஒருமுறை எரியறையின் உட்சுவரைத் தடவிப் பார்த்து, உதிர்ந்த மூட்டுகளில் புற்றுமண் தடவி, ஒரு வாரம் காயவிட்டு மூட்டுங்கள்.